நான்காவது கப்பில் மிளகாய் இல்லை

"எரியுது மேடம்" என்றார் வேலு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தரை மணி இருக்கும். தி.நகரில் ஒரு மசாலாப் பொடிக் கம்பெனியின் மாடியில் எங்கள் லேப். நீள மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாதபடி நடுவே அட்டைத் தடுப்புகள். ஒவ்வொருவர் முன்னாலும் ஐந்து காகிதக் கப், ஒவ்வொன்றிலும் ஒரு வாய் இனிப்புத் தண்ணீர். வேலு குடித்தது நான்காவது கப்.

அந்தக் கப்பில் மிளகாய் கிடையாது. சர்க்கரைத் தண்ணீரும் கொஞ்சம் ஆல்கஹாலும்தான். இது எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் கலந்து வைத்தவள் நான். வேலுவைப் பிடிப்பதற்காகவே கலந்து வைத்தேன்.

பிடித்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்தத் தொடரில் இதுவரை என் லேப் நாட்களைப் பற்றி எழுதியதெல்லாம் நான் ஜெயித்த கதைகள். பெருங்காயத்தில் கோந்தைக் கூட்டியவரைப் பிடித்தேன், மஞ்சளில் சாயம் கலந்தவரைப் பிடித்தேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு வாசகி, "நீங்கள் தோற்றதே கிடையாதா, மாமி?" என்று எழுதியிருந்தார். கேலிதான். ஆனால் கடிதத்தை மடித்து வைக்க முடியவில்லை.

தோற்றிருக்கிறேன் அம்மா. இதுதான் அது.

ஒரு நாக்கு கிடைத்தது

வேலு எங்கள் கம்பெனியின் வேன் டிரைவர். ஆதம்பாக்கத்தில் ஒரு சின்ன போர்ஷனில் மனைவி செல்வியோடு குடியிருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர் என்பதால் 'நீ, வா, போ' என்றுதான் பேசுவேன். எழுதும்போது மட்டும் 'அவர்' என்று வருகிறது. குற்ற உணர்ச்சி வந்தால் மரியாதையும் கூடவே வந்துவிடும் போலிருக்கிறது.

எங்கள் வேலை இதுதான். விற்பனைக்குப் போகிற ஒவ்வொரு லாட் மிளகாய்ப் பொடியும் எவ்வளவு காரம் என்று சொல்ல வேண்டும். பொடியை ஆல்கஹாலில் ஊறவைத்தால் காரம் அதில் இறங்கிவிடும். அந்தச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் விட்டு, மேலும் மேலும் தண்ணீர் சேர்த்து நீர்க்க வைப்போம். எவ்வளவு நீர்த்த பிறகும் ஐந்து பேரில் மூன்று பேருக்குச் சுருக்கென்கிறதோ, அதுதான் அந்தப் பொடியின் அளவு. எரிகிறதா, இல்லையா? கேள்வி அவ்வளவுதான்.

இதற்கு மெஷின் உண்டு. எங்களிடமும் இருந்தது. ஆனால் எங்கள் முதலாளி, "ஜனங்க மெஷினாலயா சாப்பிடறாங்க?" என்று கேட்பார். அதனால் செவ்வாயும் வெள்ளியும் ஐந்து நாக்குகள் வேண்டும். ஆபீசில் இருப்பவர்களையே பழக்கி உட்கார வைப்போம்.

ஒரு நாள் ஐந்தில் ஒருவர் ஜுரம் என்று வரவில்லை. சாம்பிள் மூட்டையை இறக்கிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த வேலுவை, ஆள் கிடைக்காத அவசரத்தில் உட்காரச் சொன்னேன். அவர் முதல் கப்பை வாயில் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது குண்டு மொளகா மேடம். தொண்டையாண்ட போயி குந்திக்கினு எந்திரிக்க மாட்டேங்குது. ரெண்டாவதா கீதே, அது நீட்டு மொளகா. நாக்கு நுனில ஒரு கடி கடிச்சிட்டு பூடுது."

நான் கேட்டது எரிகிறதா இல்லையா என்று மட்டும்தான். ஜாதகமே சொல்லிவிட்டார். பதிவேட்டைப் பார்த்தால் இரண்டும் சரி.

குருட்டு யோகம் என்று நினைத்தேன். விடாமல் ஒரு மாதம் மெஷினோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மற்ற நாலு பேரும் "ஒண்ணும் தெரியலை" என்று கையை விரித்த இடத்தில் வேலு "கீது மேடம், லேசா கீது" என்பார். மெஷினும் இருக்கிறது என்றே சொல்லும். காரம் என்பது ஒரே பொருள் இல்லை. கேப்சைசின் மூத்தது, அதற்குக் கூடப்பிறந்தவை நாலைந்து உண்டு. ஒன்று முன்வாயில் பட்டு மறையும், ஒன்று தொண்டையில் தங்கும். நான் புத்தகத்தில் படித்ததை அவர் வாயிலேயே வைத்திருந்தார்.

அப்படித்தான் வேன் டிரைவர் வேலு அதிகாரிகளோடு ஒரே மேசையில் உட்கார ஆரம்பித்தார். இருபது வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்த வெற்றிலைப் புகையிலையை ஒரே வாரத்தில் விட்டார். "நாக்கு கம்பெனிது மேடம், அத்த நாம கெடுக்கக் கூடாது" என்பார். செவ்வாய், வெள்ளி காலைகளில் செல்வி அவருக்கு மோர்சோறு தவிர எதையும் கண்ணில் காட்டக் கூடாது. தொட்டுக்கொள்ள ஊறுகாய்கூடக் கிடையாது.

அந்த நாற்காலி அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

வெள்ளைச் சதையில் நடக்கும் சமையல்

கதைக்குப் போவதற்குள் கொஞ்சம் மிளகாயைப் பிளந்து காட்டிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இதைக் கேட்க ஆளில்லை. ரசம் கொதிக்கும்போது நான் வாயைத் திறந்தாலே என் கணவர், "ஏண்டி, ரசத்துக்கும் ரிப்போர்ட் எழுதிண்டு இருக்கியா?" என்று எழுந்து போய்விடுவார்.

மிளகாயில் காரம் விதையில் இருக்கிறது என்று நம்மில் பாதிப் பேர் நம்புகிறோம். விதை பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரு பச்சை மிளகாயை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு சதை ஓடும், விதைகள் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். காரம் ஊறுவது அந்தச் சதையில். பக்கத்தில் இருக்கிற தோஷத்துக்கு விதை மேலும் கொஞ்சம் பூசிக்கொள்ளும்.

செடி இதை இரண்டு அடுப்பில் சமைக்கிறது. ஒன்றில் வெனிலா வாசனைக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள் தயாராகிறது. ஆமாம், ஐஸ்கிரீமில் மணக்கிற அதே வெனிலா. இன்னொன்றில் கொழுப்புச் சங்கிலி ஒன்று. கடைசியில் இரண்டையும் கோத்து முடிச்சுப் போட்டால் கேப்சைசின். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் சாது, சேர்ந்தால்தான் அடிதடி. எங்கள் ஆபீசில் சில பேர் இப்படி உண்டு.

அந்தக் கொழுப்பு வால் இருப்பதால்தான் காரம் தண்ணீருக்கு அடங்குவதில்லை. எண்ணெயில் கரையும், ஆல்கஹாலில் கரையும். காரம் தலைக்கேறினால் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதில் பிரயோசனமில்லை, ஒரு வாய் மோர் போதும். பாலில் உள்ள புரதம் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். நம் ஊர்ச் சாப்பாட்டைத் தயிரில் முடிக்கச் சொன்னவர் கெமிஸ்ட்ரி படித்திருக்க மாட்டார், ஆனால் பாஸ்.

சிவப்புக்கும் காரத்துக்கும்கூடச் சம்பந்தமில்லை. நிறம் வேறு பொருள், காரம் வேறு பொருள். செக்கச்செவேலென்று இருக்கிற மிளகாய் பசு மாதிரி இருக்கும். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சை வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும், அதுதான் ஆளை அழவைக்கும். ஒரே செடியில் பறித்தாலும் தண்ணீர் இல்லாமல் தவித்த வாரத்துக் காய்க்குக் கோபம் கூடுதல்.

சுவை இல்லை, வலி

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். அறுசுவையில் ஒன்றாகக் காரத்தைச் சேர்த்துவிட்டார்கள், ஆனால் நாக்கின் கணக்குப்படி அது சுவையே இல்லை. இனிப்புக்கும் புளிப்புக்கும் சுவை மொட்டுகள் உண்டு, காரத்துக்குக் கிடையாது. அதைத் தெரிந்துகொள்வது வலியைத் தெரிந்துகொள்கிற அதே நரம்பு.

அந்த நரம்பின் நுனியில் ஒரு கதவு இருக்கிறது. சூட்டுக்காக வைத்த கதவு. வாயில் படுகிற பொருள் நாற்பத்து மூன்று டிகிரி வாக்கில் போனால் அது திறந்து, "சுடுகிறது, துப்பு" என்று மூளைக்குச் சேதி அனுப்பும். கேப்சைசின் செய்வது ஒரு கள்ளச்சாவி வேலை. சூடே இல்லாமல் அந்தக் கதவைத் திறந்துவிடும். ஆறிப்போன சட்னியைத் தின்றுவிட்டு நாம் "ஹா, ஹா" என்று வாயை ஊதிக்கொள்வது அதனால்தான். கிளிக்கு அந்தக் கதவில் இந்தச் சாவி நுழையாது. அதனால் அது பாட்டுக்கு மிளகாயைக் கொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஆக, காரம் என்று நாம் சொல்வது வலியைத்தான். வாரம் இரண்டு நாள் ஐந்து பேரை உட்கார வைத்து, உனக்கு எப்போது வலிக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். பதிவேட்டில் அதற்கு நான் வைத்த பெயர் 'மதிப்பு'.

மூன்று வாரம்

ருசி பார்க்கிற அந்த ஐவர் பேனலில் வேலு சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஆடி மாதம், அவருடைய மதிப்புகள் திடீரென்று எகிறின.

மற்றவர்களுக்கு ஒன்றுமே தெரியாத அளவிலும் வேலு எரிகிறது என்றார். முதலில் நான் மெச்சிக்கொண்டேன். பிறகு மெஷினைப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. மூன்று வாரம் இப்படியே போயிற்று. ஐந்து பேரில் ஒருவர் மட்டும் தனியாக நின்றால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது நானே வைத்த விதி. பொடி மூட்டைகள் கோடவுனில் தேங்கின. முதலாளி மாடிக்கு வந்து, "என்னம்மா, டிரைவர் சொல்றதுக்காக லாட்டை நிறுத்தி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

அந்தக் கோபத்தில்தான் நான்காவது கப்பைக் கலந்தேன். ஆளைச் சோதிக்க வெறும் கப் வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். ஆனால் அதை ஐந்து பேருக்கும் வைத்து, எல்லாம் முடிந்தபின் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நான் வேலுவுக்கு மட்டும் வைத்தேன்.

"எரியுது மேடம்."

"எது?"

"நாலாவது. மத்ததவிட இதான் ஜாஸ்தி. இங்க, ஊசி மாறி குத்துது." இடது கன்னத்தை வெளியிலிருந்து விரலால் தொட்டுக் காட்டினார்.

நான் அட்டைத் தடுப்புகளை எடுத்தேன். எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் எடுத்தேன். "அதுல மிளகாயே கிடையாது, வேலு. வெறும் சர்க்கரைத் தண்ணி."

யாரோ சிரித்தார்கள். வேலு கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இல்ல மேடம், மெய்யாலுமே எரியுது."

"காலையில பஜ்ஜிக் கடையில நின்னியா?"

"அம்மா மேல சத்தியமா இல்ல மேடம். மோர்சோறுதான் துன்னேன்."

"அப்ப பழையபடி புகையிலையா?"

"அத்த வுட்டு நாலு வருசமாச்சி."

"அப்படின்னா எல்லாம் உன் நினைப்பு. எரியும் எரியும்னு நினைச்சுக்கிட்டே வந்து உக்காந்தா பச்சைத் தண்ணியும் எரியும். நான் டெஸ்ட் பண்ணியே பாத்துட்டேன். நினைக்கறதை விடு, எரியறதும் விட்டுடும்."

அப்போதுதான் எங்கோ படித்திருந்தேன். எதிர்பார்ப்பே ருசியை மாற்றிவிடும், பேனலில் பழையவர்களுக்கு இந்த வியாதி வரும் என்று. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்களே, அது நான்தான். கையில் இருந்த படிப்பை அப்படியே அவர் தலையில் கொட்டினேன்.

"உன் நாக்கை இனிமே நம்ப முடியாது" என்றும் சொன்னேன். அந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன், மாற்றி எழுத எனக்கு உரிமையில்லை.

வேலு எழுந்து, தான் குடித்த கப்புகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக் குப்பையில் போட்டார். நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார். அந்த வெள்ளிக்கிழமை வேறொருவர் அங்கே உட்கார்ந்தார். மூட்டைகள் நகர்ந்தன.

செல்வி சொன்னது

தீபாவளிக்குப் பிறகு வேலு வேலைக்கு வருவது நின்றுபோனது. பொங்கல் தாண்டி, டெஸ்பாட்சில் இருந்த மோகனா என் மேசையருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "மேடம், நம்ம வேலு அண்ணனை அடையாறு போகச் சொல்லிட்டாங்களாம்."

இந்த ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அடையாறில் பார்க்கும், பள்ளிக்கூடமும், நல்ல காபிக் கடையும் உண்டு. ஆனாலும் அந்தக் குரலில் 'அடையாறு' என்றால் ஒரே ஒரு ஆஸ்பத்திரிதான், புற்றுநோய் ஆஸ்பத்திரி.

எங்கே என்று கேட்டேன். "நாக்குல, மேடம். இடது பக்கம்."

எனக்கு அந்த விரல் ஞாபகம் வந்தது. இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டிய விரல். மிளகாய்க்கு இடது வலது தெரியாது, வாயில் விட்டால் பட்ட இடமெல்லாம் எரியும். ஒரே இடத்தில் ஊசி குத்தினால் அது மிளகாய் வேலையாக இருக்க முடியாது. வருஷக்கணக்கில் காரத்தை அளந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆல்கஹால் அந்த வலி நரம்பின் கதவை மிளகாய் மாதிரி திறக்காது, ஆனால் தாழ்ப்பாளைத் தளர்த்திவிடும். புண்ணான இடத்தில் அந்தக் கதவு ஏற்கெனவே பாதி திறந்துதான் இருக்கும். அங்கே துளி ஆல்கஹால் பட்டால் உடம்பின் சொந்தச் சூடே நெருப்பாகச் சுடும். காயத்தில் ஸ்பிரிட் பட்டால் துள்ளுகிறோமே, அதுதான். எல்லோர் கப்பிலும் ஆல்கஹால் இருந்தது, ஆனால் மற்ற நாலு பேர் வாயில் புண் இல்லை, அவர்களுக்குத் தெரியவில்லை. வேலு சொன்னது சரியான மதிப்பு. எங்கள் லேபில் நாலு வருஷத்தில் அதைவிடச் சரியான ஒன்றை யாரும் சொல்லவில்லை.

உடனே ஓடினேனா என்றால் இல்லை. மூன்று வாரம் கழித்துத்தான் போனேன். ஆபரேஷன் முடிந்து ஆதம்பாக்கம் வீட்டுக்கு வந்திருந்தார். நாக்கில் ஒரு பகுதியை எடுத்திருந்தார்கள். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் கையமர்த்தினேன்.

செல்வி எனக்கு நாற்காலி போட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"எரியுது எரியுதுன்னுதாம்மா சொல்லிக்கினு இருந்தாரு. ரசஞ்சோறுகூட எறங்கல. டாக்டராண்ட போலாம்யான்னேன். வேணாம், மேடமே டெஸ்டு பண்ணி பாத்துட்டாங்க, எல்லாம் நெனப்புதானாம், நெனக்காத இருந்தா சரியாப் பூடும்னாரு. அஞ்சு மாசம் பல்லக் கடிச்சிக்கினு நெனக்காத இருந்தாரும்மா."

அவள் குரலில் துளி குற்றச்சாட்டு இல்லை. பெரியவர்கள் நல்லதற்குத்தான் சொல்லியிருப்பார்கள் என்கிற மாதிரி சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வேலு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எரிச்சலுக்கு ஆடை எடுத்த மோர் நல்லது என்றேன். பால் புரதம் எப்படி வேலை செய்யும் என்று ஐந்து நிமிஷம் பாடம் நடத்தினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவரால் புளிப்புச் சாப்பிட முடியாது என்பது ஆட்டோவில் ஏறியபின்தான் உறைத்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் என் படிப்பைப் பற்றி ஒரு கிண்டலும் செய்யவில்லை. "போய்ச் சொல்லிட்டு வந்துடேன்டி. தனியா முடியலேன்னா நானும் வரேன்" என்றார். நாளைக்கு, அடுத்த வாரம், வெயில் தணியட்டும் என்று நாள் கடத்தினேன். நடுவில் ரிட்டயர் ஆனேன். மேடையில் என்னைப் பற்றி, 'அறுபது வயதிலும் அசையாத துல்லியம்' என்று பேசினார்கள். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்துக்கு எத்தனை

ஒரு காலை செல்வி போன் செய்தாள்.

"அம்மா, இவருக்கு மறுபடியும் எரியுதாம். பத்து நாளா சரியா துன்றதே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, மேடத்தாண்ட ஒரு வார்த்த கேளு, போன தபா மேரி நெனப்பா இருக்கப் போவுதுன்றாரு."

இத்தனைக்குப் பிறகும் தன் வாய் எரிகிறதா என்று அந்த மனிதர் என்னைத்தான் கேட்கிறார். அவர் நாக்கை நம்ப முடியாது என்று நான் சொன்னதை அவரும் நம்பிவிட்டார்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து ஆதம்பாக்கத்துக்கு ஆட்டோவில் போனேன். நாற்காலியில் உட்காரவில்லை. கட்டிலில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வேலு, எரியுதுன்னா எரியுதுதான். அன்னிக்கும் எரிஞ்சிருக்கு. நீங்க சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. பெரிய தப்பு."

'நீங்க' என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக வாயில் வந்தது. அவர் தரையைப் பார்த்தபடி குழறலாக ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை.

"வுடுங்க மேடம்ன்றாரு" என்றாள் செல்வி. அவள் என்னைப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக்கொண்டிருந்தவள், எடுத்த கையோடு அப்படியே நின்றாள்.

மூன்று பேருமாக அதே ஆட்டோவில் அடையாறு போனோம். ஆஸ்பத்திரியில் எங்கள் முறை வர மத்தியானம் ஆயிற்று. இளம் டாக்டர் பெண் ஒருத்தி, பொறுமைசாலி. வாயைப் பார்த்தாள், கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நானும் செல்வியும் பார்த்தோம். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு வேலுவிடம் கேட்டாள்.

"வலி எவ்வளவு இருக்குன்னு சொல்லுங்கண்ணே. வலியே இல்லேன்னா பூஜ்யம், தாங்கவே முடியலேன்னா பத்து. விரலால காட்டினாலும் சரி."

வேலு டாக்டரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நாலு வருஷம், ஒவ்வொரு கப்புக்குப் பிறகும், நான் குறித்துக்கொள்கிறேனா என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை. மடியில் இருந்த கையில் இரண்டு விரல் மட்டும் தயங்கித் தயங்கி நீண்டிருந்தது.

"என்னைப் பாக்காதீங்க வேலு" என்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க வாய், உங்களுக்குத்தான் தெரியும். இருக்கறதைச் சொல்லுங்க."

அவர் அந்த விரல்களை மடக்கிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துப் பத்து விரல்களையும் விரித்தார்.

டாக்டர் எழுதிக்கொண்டாள். என் பக்கத்தில் நின்றிருந்த செல்வி அப்போதுதான் சத்தம் போட்டு அழுதாள்.